சீல் குத்த முடியாத சீட்டு

ஸ்டீராய்டு எழுதிய சீட்டு கவுன்ட்டருக்கு வந்தால் மருந்தின் பெயரை நான் கடைசியாகத்தான் படிப்பேன். முதலில் தேதி. பிறகு நோயாளியின் பெயர், ஊர், டாக்டரின் பதிவு எண், கையெழுத்து. இவ்வளவும் சரியாக இருந்தால், ஏற்கெனவே வேறு கடையின் சீல் விழுந்திருக்கிறதா என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். திண்டுக்கல்லில் சொந்தமாக மெடிக்கல் ஷாப் வைப்பதற்கு முன்பு, டி.ஃபார்ம் முடித்த கையோடு மதுரையில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர் அந்தக் கடையின் முதலாளி.

மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகள் 1945-இல் வந்தவை. அவற்றில் 65-ஆவது விதிதான் எங்கள் தொழிலின் முதுகெலும்பு. சீட்டு எழுத்தில் இருக்க வேண்டும். டாக்டர் கையெழுத்திட்டுத் தேதி போட்டிருக்க வேண்டும். நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, வேளைக்கு எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். மறுபடியும் கொடுக்கலாம் என்று டாக்டரே எழுதியிருந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதி மூன்றையும் சீட்டில் குறிக்க வேண்டும். எங்கே குறிப்பது என்பதையும் விதி விடவில்லை: டாக்டரின் கையெழுத்துக்கு மேலே.

ஏன் மேலே என்று புதிதாகச் சேர்ந்திருந்த நான் கேட்டேன். “கீழ குத்துனா அந்தத் துண்டை மட்டும் கிழிச்சுட்டு அடுத்த கடைக்குப் போயிருவாங்கம்மா. மேல குத்துனா கிழிக்கிறப்போ டாக்டர் கையெழுத்தும் சேர்ந்துல்ல போகும்” என்றார் முதலாளி. சட்டப் புத்தகத்தின் ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருக்கிறதே என்று அன்று எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

இப்போது எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளில் பெரும்பகுதி போனில் வருகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு படம், அல்லது ஏதோ ஓர் ஆப் உண்டாக்கிக் கொடுத்த பி.டி.எஃப். அதில் நான் எங்கே சீல் குத்துவது? நான் மருந்து கொடுத்த பிறகும் அந்தப் படம் அவர் போனில் அப்படியே இருக்கும். அடுத்த தெருக் கடைக்கும் போகும், அதற்கடுத்த கடைக்கும் போகும். மாற்றிப் பணம் வாங்கிய பிறகும் செல்லுபடியாகிற செக் அது. காய்ச்சல் மாத்திரைக்கு இதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். ஸ்டீராய்டு விஷயம் வேறு.

1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். இரண்டே வருடத்தில் அந்த ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வேகம்தான் இந்த மருந்தின் பெருமை. ஆபத்தும் அதே வேகத்தில்தான் இருக்கிறது. மூச்சிரைப்பு, மூட்டுவலி, அரிப்பு எதுவானாலும் இரண்டு நாளில் அடங்கிவிடுவதால், “அந்த மாத்திரை கொடுங்க அக்கா, அதுதான் கேட்குது” என்று மனிதர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். வாரக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டுவிடும். பிறகு சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் டாக்டர் 40, 30, 20, 10 மில்லிகிராம் என்று படிப்படியாக இறக்கி எழுதுகிறார். அந்தச் சீட்டை ஒருவர் முடித்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு தடவை என்ற விதி இங்கே உயிர் காக்கும் விதி.

ஒருவருக்கு எழுதிய ஸ்டீராய்டு சீட்டு ஊரெல்லாம் சுற்றினால் என்ன ஆகும் என்பதை 2021 மே மாதம் கண்ணெதிரே பார்த்தோம். அதற்கு முந்தைய வருடம் இங்கிலாந்தில் நடந்த ‘ரெகவரி’ ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளுக்கு தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் சாவு குறைகிறது என்று காட்டியிருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆனால் ஊருக்குள் பரவியது முதல் பாதி மட்டும்தான். யாரோ ஒரு பெரியவருக்கு ஆஸ்பத்திரியில் எழுதிய சீட்டின் படம் குடும்பக் குரூப்பிலிருந்து தெருக் குரூப்புக்குப் போய், லேசான காய்ச்சல் உள்ளவர்களெல்லாம் அதே படத்தை நீட்டினார்கள். பெயர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு போனைக் காட்டியவர்கள் உண்டு. கொடுக்க மாட்டேன் என்றதற்கு என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். அதே மே மாதத்தில்தான் கருப்புப் பூஞ்சையை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. சர்க்கரை நோயும் தேவையில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் அந்தப் பூஞ்சை எளிதாகப் பிடித்தது.

முகத்துக்குப் போடும் ஸ்டீராய்டு க்ரீம்களின் கதை இன்னும் பழையது. வெளிப்பூச்சு என்பதால் வெகுகாலம் அவற்றுக்குச் சீட்டுக் கட்டாயம் இல்லாமல் இருந்தது. தோல் மருத்துவர்கள் விடாமல் போராடிய பிறகு, 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்கள் ‘ஷெட்யூல் எச்’ பட்டியலுக்குள் வந்தன. சிவப்பாக்கும் என்று நம்பி மாதக்கணக்கில் பூசிய பெண்களின் முகத்தைக் கடை வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தோல் மெலிந்து, உள்ளே ஓடும் சிறு ரத்த நாளங்கள் சிவப்பு நூல் மாதிரி தெரியும், வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும் என்பதால் மறுபடி அதே ட்யூபைத்தான் கேட்பார்கள்.

சரி, போனில் வரும் சீட்டு சட்டப்படி செல்லுமா? என்னிடம் படிக்க வரும் ஃபார்மசி மாணவிகள் முதலில் கேட்பது இதைத்தான். செல்லும். 2020 மார்ச் 25-இல் வெளிவந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, பதிவு பெற்ற டாக்டர் நாட்டின் எந்த மூலையில் இருக்கும் நோயாளியையும் போனிலோ வீடியோவிலோ பார்க்கலாம். கையெழுத்திட்ட சீட்டின் படத்தையோ மின்சீட்டையோ அனுப்பலாம். மறுநாளே மத்திய அரசின் இன்னோர் அறிவிக்கை வந்தது: லைசென்ஸ் உள்ள கடைகள் மின்னஞ்சலில் வரும் சீட்டை வைத்து வீட்டுக்கே மருந்து அனுப்பலாம், திடீர் நோய் என்றால் எழுதிய 7 நாளுக்குள், நீடித்த நோய் என்றால் 30 நாளுக்குள் சீட்டு வர வேண்டும், வீடு அதே வருவாய் மாவட்டத்தில் இருக்க வேண்டும். அந்த விதிப்படி நான் கொடைக்கானல் உச்சிக்கு அனுப்பலாம். அதைவிடப் பக்கத்தில் இருக்கும் வாடிப்பட்டிக்கு அனுப்பக் கூடாது, அது மதுரை மாவட்டம். மாவட்டத்துக்குள் இருக்கும் கடைகளை நினைத்து, ஊரடங்கு அவசரத்தில் எழுதிய அறிவிக்கை அது. நாடு முழுக்க விற்கும் பெரிய ஆப்களுக்கென்று தனி விதி இன்னும் வரவில்லை. 2018 ஆகஸ்டில் ஒரு வரைவு வந்தது. அந்த டிசம்பரில், விதி வரும்வரை ஆன்லைன் விற்பனை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி உத்தரவிட்டார். இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. வரைவு வரைவாகவே கிடக்கிறது.

போன் சீட்டையே ஒழிக்க வேண்டும் என்று பேசும் கடைக்காரர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கொடைக்கானல் பக்கம் மலைக்கிராமத்தில் ஒரு பாட்டி. பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய்க்கு வருடக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர். ஒரு மழைக்காலத்தில் பாதை அடைத்துவிட்டது. கையில் இரண்டு நாளைக்குத்தான் மாத்திரை. பேரன் பழைய சீட்டைப் படமெடுத்து அனுப்பினான். அதில் என் சீலே இருந்தது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட நேரத்தில் மருந்தாளுநரே தன் பொறுப்பில் அவசரத்துக்கு மருந்து கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. நமக்கு அந்த அதிகாரம் இல்லை. கொடுத்தால் விதிமீறல், கொடுக்காவிட்டால் பாட்டி மயங்கி விழுவார். அவருடைய டாக்டருக்கு போன் போட்டேன். அவர் பாட்டியிடம் வீடியோவில் பேசி, அளவை எழுதி, கையெழுத்திட்டுப் படமாக அனுப்பினார். மறுநாள் பாதை திறந்ததும் கடைப் பையன் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்தப் படம் முழுக்க முழுக்கச் சட்டப்படியான சீட்டு. அது இல்லையென்றால் அன்று என்ன செய்திருப்போம்?

இன்னொரு விதமான சீட்டும் அதே போன் வழியாகத்தான் வருகிறது. ஜிம்முக்குப் போகும் தம்பி ஒருவன் வந்தான். தசையை வளர்க்கும் ஸ்டீராய்டான நாண்ட்ரோலோன் ஊசி எழுதிய பி.டி.எஃப்., வேற்று மாநில டாக்டரின் பெயர், பதிவு எண், எல்லாம் அச்சு மாதிரி.

“யாருக்குத் தம்பி?”

“எனக்குத்தான் அக்கா.”

“என்ன பிரச்சினைன்னு டாக்டர் சொன்னாரு?”

“டாக்டர்ட்ட பேசலக்கா. ஃபார்ம் ஒன்னு ஃபில் பண்ணேன். அரை மணி நேரத்துல சீட்டு வந்துருச்சு.”

தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் தேடினேன். அப்படி ஒரு டாக்டர் உண்மையிலேயே இருக்கிறார். அவர்தான் இதைப் பார்த்து அனுப்பினாரா, யாராவது அவர் எண்ணை எடுத்து ஒட்டினார்களா என்பதைக் கண்டுபிடிக்க என்னிடம் வழியில்லை. சீட்டில் இருந்த போன் எண்ணை யாரும் எடுக்கவில்லை. நோயைப் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது, இயந்திரம் தானாகச் சீட்டு எழுதவே கூடாது என்று வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. எனவே அது செல்லாத சீட்டு. மருந்து இல்லை என்று சொல்லிவிட்டேன். விதைப்பை சுருங்குவது, விந்தணு குறைவது, கல்லீரல், இதயம் எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொன்னேன். அமெரிக்காவில் 1990-இலேயே தனிச் சட்டம் போட்டு இந்த வகை ஊசிகளைக் கடுங்கட்டுப்பாட்டில் வைத்துவிட்டார்கள். இங்கே அவை ரத்த அழுத்த மாத்திரை இருக்கும் அதே ஷெட்யூல் எச்-இல் இருக்கின்றன. தனிப் பதிவேடு வைத்து 3 வருடம் காக்க வேண்டிய ‘எச் 1’ பட்டியலில் ஸ்டீராய்டு எதுவும் இல்லை. அதில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவன் கிளம்பும்போது கேட்டேன், அந்த ஃபார்மில் என்னவெல்லாம் கொடுத்தாய் என்று. ஆதார் அட்டையின் இரண்டு பக்கமும், சட்டை இல்லாமல் முன்னும் பின்னும் எடுத்த படங்களும். அவை யாரிடம் இருக்கின்றன, எத்தனை நாள் இருக்கும், யாரிடம் கேட்டால் அழிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஊசி கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவனுக்கு இருந்தது. எனக்கு அந்தப் படங்கள்தான் வெகுநேரம் மனதில் உறுத்தின.

போனில் மருந்து வாங்குகிறவர்கள் சோம்பலால் வாங்குகிறார்கள் என்று நினைப்பது தவறு. பலருக்கு அது மானப் பிரச்சினை. வெண்புள்ளி வந்த மகளுக்காக ஓர் அப்பா வெளியூரிலிருந்து பஸ் ஏறி எங்கள் கடைக்கு வருவார். சொந்த ஊர்க் கடையில் அந்தச் சீட்டை நீட்டினால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரியும். பிறகு பெண்ணுக்கு வரன் பேச முடியாது. நடுவில் சில மாதம் அவர் வரவில்லை. ஆப்பில் வாங்கினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் சாப்பிடுவது பீட்டாமெத்தசோன் மினி பல்ஸ். வாரத்தில் அடுத்தடுத்து இரண்டே நாள், நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். மற்ற ஐந்து நாள் எதுவும் இல்லை. டெல்லி எய்ம்ஸில் பஸ்ரிச்சா என்ற தோல் மருத்துவர் வகுத்த முறை. 0.5 மில்லிகிராம் மாத்திரைதான் கையில் இருக்கிறது என்றால் ஒரே வேளையில் 10 மாத்திரை. தெரியாதவர் கண்ணுக்கு அது எழுத்துப் பிழை மாதிரிதான் தோன்றும். ஆப் கம்பெனியிலிருந்து பேசியவர் தினமும் ஒன்று என்று திருத்திச் சொல்லியிருக்கிறார். அப்பா பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தார். சனி, ஞாயிறு என்று இரண்டு கவர்களில் தனித்தனியாகப் போட்டு, மேலே பெரிதாக எழுதிக் கொடுத்தேன், டாக்டரிடமும் பேசவைத்தேன்.

அது அதோடு முடியவில்லை. வெண்புள்ளிக்கு ஸ்டீராய்டே இல்லாத மூலிகைச் சிகிச்சை என்று அவர் போனுக்கு அழைப்பு மேல் அழைப்பு. மகளின் பெயரைச் சொல்லியே பேசினார்களாம். எங்கிருந்து கசிந்தது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆப்பா, கொண்டுவந்து கொடுத்தவரா, நடுவில் வேறு யாராவதா? தெருவுக்குத் தெரியக் கூடாது என்று பஸ் ஏறி வந்த மனிதர், முகம் தெரியாத யாரோ தன் மகளின் நோயைச் சொல்லி விற்பனை பேசும் நிலைக்கு வந்துவிட்டார்.

2018 வரைவில் இதற்கு ஒரு நல்ல பிரிவு இருந்தது: சீட்டின் மூலம் கிடைக்கும் விவரத்தை அரசைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். வரைவோடு அதுவும் கிடக்கிறது. 2011-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவுகளை உணர்திறன் மிக்க விவரம் என்று தனியாகப் பிரித்துக் காட்டின. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை. ஒருவரின் தொலைபேசி எண்ணும் அவருடைய தோல் நோயும் அதில் ஒரே வகை. அபராதம் பெரியதுதான், 250 கோடி ரூபாய் வரை போகும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். நோயை மற்ற விவரங்களோடு ஒன்றாகக் கட்டியதை நான் பின்னடைவாகத்தான் பார்க்கிறேன்.

பெரிய கம்பெனிகளைச் சொல்லும்போது எங்கள் கவுன்ட்டர் போனையும் சொல்ல வேண்டும். எந்த ஊரில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் வாட்ஸ்அப் சீட்டு வாங்க ஒரு போன் இருக்கும். வரும் படமெல்லாம் தானாக கேலரியில் இறங்கும். கேலரியை விரலால் தள்ளினால் கல்யாணப் படங்களுக்கு நடுவே பக்கத்துத் தெரு டீச்சரின் லூபஸ் நோய், வாத்தியாரின் மனநல மாத்திரை, ஒரு குழந்தையின் சிறுநீரக ரிப்போர்ட். கூட்டமான நேரத்தில் வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் அதைத் தொடுவார்கள். காகிதச் சீட்டு இருந்த காலத்தில் இந்த ஆபத்து இல்லை. சீலைக் குத்தி நோயாளி கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

எங்கள் பதிவேட்டுக்குச் சட்டம் கேட்பது டாக்டரின் பெயர் முகவரி, நோயாளியின் பெயர் முகவரி, மருந்து, அளவு, கம்பெனி, பேட்ச் எண், தேதி. என்ன நோய் என்று எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை. எனவே பில் போட்டுப் பதிவு ஏறியதும் எங்கள் கடையில் படத்தை அழித்துவிடுகிறோம். கேலரியில் தானாக இறங்குவதையும், பேக்கப் போவதையும் நிறுத்திவைத்திருக்கிறேன். அந்த போன் கடையை விட்டு வெளியே போகாது. நாளை இன்ஸ்பெக்டர் சீட்டு எங்கே என்று கேட்டால் என்ன காட்டுவாய் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். பதிவேட்டையும் பில்லையும் காட்டுவேன். காகிதச் சீட்டுக்கும் நாங்கள் அதைத்தானே காட்டி வந்தோம்?

ஆனால் அழிப்பது என் பக்கத்துப் படத்தைத்தான். நோயாளியின் போனில் இருக்கும் படம் இன்னும் உயிரோடுதான் இருக்கும். இதற்கு வழி தெரியாமல் இல்லை. இங்கிலாந்தின் மின்சீட்டு முறையில் சீட்டு பொதுவான ஒரு கணினியில் இருக்கிறது. ஒரு கடை மருந்து கொடுத்ததும் கொடுத்தாயிற்று என்று குறிக்கப்பட்டுவிடும், அடுத்த கடைக்கு அது செல்லாது. எஸ்தோனியா 2010-இலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. அங்கே தன் மருத்துவப் பதிவை யார் திறந்து பார்த்தார்கள் என்பதையும் நோயாளி பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்துக்கு மேல் குத்தும் சீலும் நோயாளியின் ரகசியமும் ஒரே ஏற்பாட்டில் காப்பாற்றப்படுகின்றன. நம் நாட்டில் ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை, ஆன்டிபயாட்டிக் மூன்றுக்கு மட்டுமாவது முதலில் இதைச் செய்யலாம்.

அதுவரை நாங்கள் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். எங்கள் ஊர்த் தோல் மருத்துவர் ஒருவர், போனில் பார்த்து ஸ்டீராய்டு எழுதும்போது எந்தக் கடையில் வாங்கப்போகிறீர்கள் என்று நோயாளியிடம் கேட்டு, அந்தக் கடையின் பெயரையும் ‘ஒரு தடவை மட்டும்’ என்பதையும் கையெழுத்துக்கு மேலே எழுதி அனுப்புகிறார். அதே படம் வேறு கடைக்குப் போனால் அங்கிருந்து எங்களுக்கு போன் வரும். சில கடைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை; வியாபாரத்தையெல்லாம் ஒரே கடைக்குத் திருப்பிவிடும் வேலை என்கிறார்கள். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. டாக்டரே நேராகக் கடைக்குச் சீட்டு அனுப்புவதானால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும், எந்தக் கடையில் வாங்குவது என்பது நோயாளியின் விருப்பம் என்று 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. அதனால் கடையின் பெயரை டாக்டர் எடுத்துக் கொடுக்கக் கூடாது, நோயாளி வாயால்தான் வர வேண்டும் என்று முடிவு செய்தோம். எந்தக் கடையும் தெரியாது என்கிறவர்களுக்கு அந்த இடத்தைக் காலியாகவே விட்டு அனுப்புகிறார்.